கணவன் லண்டனில், மனைவி லயத்தில்: நடுவே நிற்கும் கடதாசி

ஊவா மலைத் தோட்டங்களிலும் இப்போது ‘ஸ்பவுஸ் வீசா’ அன்றாடப் பேச்சாகிவிட்டது. கல்யாணம் முடிந்து கணவனிடம் போய்ச் சேரக் காத்திருக்கும் பெண்ணிடம் தூதரகம் கேட்பது என்ன? அவளிடம் இருப்பது என்ன? இவை இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம், எழுபத்தைந்து ஆண்டுகளாக இந்த மலையில் குறையவே இல்லை.

பெரகல சந்தியில் கொழும்பு பஸ் வந்து நிற்கும் இரவு நேரத்தில், அப்புத்தளைப் பக்கமிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கும். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை என்று மலையின் தோளில் வரும் வீதி இங்கேதான் கொழும்பு–மட்டக்களப்புப் பெருவீதியைத் தொடுகிறது. கீழே ஒரு பக்கம் ஹல்துமுல்லை, இன்னொரு பக்கம் கொஸ்லாந்தை. பிளேன்டீ குடித்துவிட்டு ஏறுகிறவர்களைப் பாருங்கள். மகரகமைக்கு க்ளினிக் போகும் வயதானவர், புறக்கோட்டைக் கடைக்குத் திரும்பும் பையன்கள், மூட்டை முடிச்சோடு ஒரு குடும்பம். இவர்களோடு சில நாட்களில் ஓர் இளம்பெண்ணும் ஏறுவாள். துணைக்குத் தம்பியோ தகப்பனோ வருவார். பையை மேல்தட்டில் வைத்தாலும் ஃபைலை மட்டும் மடியை விட்டு இறக்கமாட்டாள்.

அந்த ஃபைலில் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். விவாகச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இருக்கும். கோவிலில் தாலி கட்டிய படம், பதிவாளர் முன் கையெழுத்திட்ட படம், மாமியார் வீட்டு முற்றத்தில் எடுத்த படம் எல்லாம் தேதி எழுதி அடுக்கப்பட்டிருக்கும். கணவனின் சம்பளச் சிட்டை, வங்கிக் கணக்கு, அவன் அனுப்பிய பணத்தின் பற்றுச்சீட்டுகள், வாட்ஸ்அப்பில் பேசிய நாட்களின் பட்டியல் ஆகியவையும் உண்டு. விடிந்ததும் கொழும்பில் கைரேகை வைக்க வேண்டும். இதற்கு முந்திய பயணங்களில் சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பின் நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை நடந்திருக்கும். ஆங்கிலப் பரீட்சையும் கொழும்பில்தான் முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் அவள் வேலை கேட்டுப் போகவில்லை. கட்டிய கணவனோடு ஒரே வீட்டில் இருக்கத்தான் போகிறாள்.

‘உண்மையான கல்யாணமா?’

துணையோடு வாழும் வீசாவுக்கு எந்த நாட்டிடம் போனாலும் முதல் கேள்வி இதுதான். உறவு உண்மையானதா, இன்னும் நீடிக்கிறதா, வீசாவுக்காக ஜோடிக்கப்பட்டதா? பிரித்தானியா, விண்ணப்பிக்கும் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்கிறது. அவுஸ்திரேலியா நான்கு கண்களால் பார்க்கிறது. பணம் பொதுவில் புழங்குகிறதா, வீட்டுப் பொறுப்பு எப்படிப் பகிரப்படுகிறது, ஊரும் உறவும் இவர்களைத் தம்பதியாக ஏற்கிறார்களா, ஒருவருக்கொருவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்கிறது.

லயத்துக் கல்யாணத்தில் இவற்றில் எது கடதாசியில் இருக்கும்? பெண் பார்க்க வந்த நாளில் மாப்பிள்ளையும் பெண்ணும் தனியே நின்று படம் எடுப்பதில்லை. கூட்டு வங்கிக் கணக்கு என்பது கேள்விப்படாத விஷயம். கணவன் அனுப்பும் பணமும் பல வீடுகளில் மாமனார் பெயருக்கே வரும். அதிகாரி தேடும் அடையாளமும் இங்குள்ள குடும்பம் தரும் அடையாளமும் ஒன்றல்ல. நூறு பேர் சாப்பிட்டுப் போன கல்யாணத்தையும் ஒரு விண்ணப்பப் பத்திரம் சந்தேகிக்க முடிவது இதனால்தான்.

இந்தச் சந்தேகத்துக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1970களில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், கல்யாணத்துக்காக வந்திறங்கிய தெற்காசியப் பெண்களிடம் கன்னித்தன்மைப் பரிசோதனை நடந்தது. இந்தியாவிலிருந்து வந்த ஆசிரியை ஒருவருக்கு நேர்ந்ததை 1979 பெப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகை வெளிக்கொணர்ந்த பிறகுதான் அது நின்றது. அதற்குப் பின்னும் பிரித்தானியாவில் குடியேறுவது இந்தக் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று தம்பதியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அது நீக்கப்பட்டது 1997இல். வெளிநாட்டு மனைவியைச் சேர்த்துக்கொள்ளும் சட்டம் வெளிநாட்டுக் கணவனுக்குக் கதவைச் சாத்தியது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1985 மே மாதம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் மூன்று பெண்கள். இன்று வீசா எடுத்துப் போகும் கணவன்மார் அந்தப் பெண்களுக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஓர் எழுத்துப் பிழை

தூதரகத்தின் கேள்விகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஆனால் ஊவாத் தோட்டங்களில் வழி மறிப்பது பெரும்பாலும் அதற்கு முந்திய ஒன்று: பெயர்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அதைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பு நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்திடம் இருந்தது. தாய் சொல்ல, கிளாக்கர் காதில் விழுந்தது எழுத்தாகும். அந்த எழுத்து சிங்களத்துக்குப் போய், பிறகு ஆங்கிலத்துக்கு வரும். தகப்பனின் பெயர் ஓரிடத்தில் முருகையா, இன்னோரிடத்தில் முருகன். மகளுக்குச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளிக்கூட இடாப்பில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர். தகப்பன் பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலும் ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு வழக்கம் வைத்திருக்கிறது. மலையகத்தில் தேசிய அடையாள அட்டை நெடுங்காலம் சிங்களத்தில் மட்டுமே வந்தது. அதில் எழுதியிருப்பது தன் பெயர்தானா என்று வாசித்துப் பார்க்க முடியாதவர்களே அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பழைய பிறப்புச் சான்றிதழில் ‘பெற்றோர் விவாகமானவர்களா?’ என்று ஒரு கூடு இருக்கிறது. கோவிலில் தாலி கட்டி, நான்கு பிள்ளைகள் பெற்று, ஒரே லயத்தில் முப்பது வருடம் வாழ்ந்தவர்கள் பலர் பதிவாளரிடம் போனதே இல்லை. வழக்காறுப்படி நடந்த கல்யாணத்தை இலங்கைச் சட்டம் ஏற்கிறது; சாட்சியத்தால் அதை நிலைநாட்டலாம். ஆனாலும் அந்தக் கூட்டில் விழுந்த ‘இல்லை’ என்ற சொல் மகளின் கல்யாணம் வரைக்கும் கூடவே வருகிறது.

ஊரில் இந்தப் பிழைகளோடு வாழ்ந்துவிடலாம். ‘இருவரும் ஒருவரே’ என்று கிராம சேவகர் ஒரு கடிதம் கொடுப்பார், காரியம் நடக்கும். வெளிநாட்டு வீசா அதிகாரிக்கு அந்தக் கடிதத்தின் எடை தெரியாது. கடவுச்சீட்டில் ஒரு பெயரும் விவாகச் சான்றிதழில் வேறு பெயரும் இருந்தால் அவர் இரண்டு பெண்களைப் பார்க்கிறார். திருத்தம் செய்ய பிரதேச செயலகம், மேலதிக மாவட்டப் பதிவாளர், சத்தியக் கடதாசி, பழைய பள்ளிக்கூட இடாப்பு என்று அலைய வேண்டும். பிறப்பே பதியப்படாமல் போயிருந்தால் காலங்கடந்த பதிவு, அல்லது உத்தேச வயதுச் சான்றிதழ். ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் ‘பேர்’ இழப்பு, அதாவது ஒரு நாட்சம்பளம்.

ஆதாரம் மொத்தமும் போய்விட்ட குடும்பங்களும் இங்கே உண்டு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. உயிரை இழந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் கடதாசி பெரிதல்ல என்று அன்று தோன்றியிருக்கும். ஆனால் அந்த வீடுகளின் தகரப் பெட்டிகளில்தான் பிறப்புச் சான்றிதழும் பிரஜாவுரிமைக் கடதாசியும் இருந்தன. பெரகலையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் இடம் அது.

பெட்டிச் செய்தி: எந்த நாடு, என்ன நிபந்தனை?

*பிரித்தானியா:* அங்கே இருக்கும் துணையின் ஆண்டு வருமானம் 29,000 பவுண் இருக்க வேண்டும். 2012 முதல் 18,600 ஆக இருந்த எல்லையை 2024 ஏப்ரல் 11இல் உயர்த்தினார்கள். தொடக்கநிலை ஆங்கிலம், காசநோய்ச் சான்றிதழ் அவசியம். முதல் வீசா 33 மாதம். நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து ஆண்டு. மாணவர் வீசாவில் போகிறவர்களில் ஆராய்ச்சிப் படிப்பினர் தவிர மற்றவர்கள் 2024 ஜனவரியிலிருந்து துணையை அழைக்க முடியாது. பராமரிப்புப் பணியாளருக்கு அந்தக் கதவு 2024 மார்ச் 11இல் மூடப்பட்டது.

*கனடா:* கணவன் அல்லது மனைவியை அழைக்க, கியூபெக் தவிர்ந்த மாகாணங்களில் பொதுவாக வருமான எல்லை இல்லை. மூன்று ஆண்டு பராமரிப்பதாக உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். பதிவுத் திருமணம் இல்லாமல் ஓர் ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்களும், சட்டம் தடுப்பதால் மணமுடிக்கவோ சேர்ந்து வாழவோ முடியாதவர்களும் தனிப் பிரிவுகளில் விண்ணப்பிக்கலாம்.

*அவுஸ்திரேலியா:* தற்காலிக வீசாவுக்கும் நிரந்தர வீசாவுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பம். நிரந்தரத் தகுதியைச் சுமார் இரண்டு ஆண்டு கழித்துப் பார்ப்பார்கள்.

*ஜெர்மனி:* 2007 முதல், சேர்ந்து வாழ வருபவர் புறப்படும் முன்பே தொடக்கநிலை ஜெர்மன் மொழிச் சான்று காட்ட வேண்டும். சில விலக்குகள் உண்டு.

ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி

உன் மனைவி எங்கே இருக்கிறாள், எத்தனை காலமாக இருக்கிறாள், அவளைக் காப்பாற்றும் வருமானம் உனக்கு உண்டா? இவற்றை லண்டன் அதிகாரிகள் கேட்பதற்கு வெகு முன்பே கொழும்பு அதிகாரிகள் இந்த மலைத் தொழிலாளியிடம் கேட்டிருக்கிறார்கள்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி திறந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நியாயமான, உறுதியான வருமானம் காட்ட வேண்டும். அதோடு மனைவியைப் பற்றியும் ஒரு நிபந்தனை. கல்யாணம் முடிந்த முதலாம் ஆண்டு நிறைவுக்குள் அவள் இலங்கையில் இருந்திருக்க வேண்டும். அன்றிலிருந்து விண்ணப்ப நாள் வரை தொடர்ந்து இங்கேயே வாழ்ந்திருக்க வேண்டும்.

பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போவது நம் பெண்களின் வழக்கம். தாய்வீடு திருச்சியிலோ புதுக்கோட்டையிலோ இருந்தது. 1939 ஆகஸ்டில் இந்திய அரசு தொழிலாளர் இலங்கை செல்வதைத் தடை செய்தது. பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஊருக்குப் போனவர்கள் திரும்புவதும், ஊரிலிருக்கும் மனைவியை அழைத்து வருவதும் அனுமதிக்குக் காத்திருக்கும் காரியங்களாகின. அந்த நாட்களின் பிரிவையே பிற்பாடு வந்த சட்டம் குற்றமாக எழுதிக்கொண்டது. மனைவி சில காலம் ஊரில் இருந்ததால் கணவனின் விண்ணப்பம் தோற்றது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

எஞ்சியவர்களை 1964 ஒக்டோபர் 30இல் இரண்டு பிரதமர்கள் பங்கிட்டார்கள். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். பெற்றோர் இந்தப் பக்கமும் மணமான மகள் அந்தப் பக்கமும் விழுந்தார்கள். அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போனான், தம்பி அப்புத்தளையில் நின்றான். தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகம் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. இழவு வீட்டில் கேட்கும் ஒப்பாரி பிளாட்பாரத்தில் கேட்டது.

இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் புறப்படாதவர்கள் பிறந்த தோட்டத்திலேயே வதிவிட வீசாவில் வாழ்ந்தார்கள். தவணை தீரும் நாளை எண்ணிக்கொண்டு கொழுந்து பறித்த பெண்கள் இன்று பாட்டிமார். பேத்தி பிரித்தானிய வீசாவுக்கு ஃபைல் சேர்க்கும்போது அவர்களுக்கு வரும் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ‘வீசா’ என்ற சொல்லைப் பேத்திக்கு முன்பே கற்றவர்கள் அவர்கள்.

பெட்டிச் செய்தி: பிரிவு முடிந்த விதம்

உள்நாட்டு யுத்தம் காரணமாக 1984இல் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றதும் தாயகம் திரும்பல் நின்றுபோனது. 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடற்றோர் பிரச்சினையைப் பகுதி பகுதியாகத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும் போகாதிருந்தவர்களும் இதில் அடக்கம். அதே 2003இல்தான் தாய் வழியாகவும் பிள்ளைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைக்கும் வகையில் சட்டம் திருந்தியது.

ஆயிரத்து ஐந்நூறு பேர்

செலவுக் கணக்கை லயத்துக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் நிர்ணயித்தபடி பிரித்தானியத் துணைவர் வீசாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்க 1,938 பவுண். சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 வீதம், 33 மாதத்துக்கும் மூன்று ஆண்டுக் கணக்கில் 3,105 பவுண். மொத்தம் 5,043. ஒரு பவுணுக்கு 400 ரூபாய் என்று வைத்தாலும் இருபது லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு அறிவிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அதன்படி இந்த வீசாவின் விலை சுமார் 1,500 பேர். மாதம் 25 பேர் விழுந்தாலும், ஒரு சதம் செலவழிக்காமல் ஐந்து வருடம் கொழுந்து எடுக்க வேண்டும். பரீட்சை, மொழிபெயர்ப்பு, பயணம், விமானச் சீட்டு எதுவும் இதில் சேரவில்லை. நிராகரித்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பாது.

செலவைக் கணவன் ஏற்பான் என்பார்கள். அவனுடைய பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் பிரித்தானியாவின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21 பவுணாக நிர்ணயிக்கப்பட்டது. அதன்படி வாரம் 40 மணி நேரம், வருடத்தின் 52 வாரமும் வேலை செய்தாலும் கிடைப்பது சுமார் 25,400 பவுண். கடையிலோ களஞ்சியத்திலோ முழுநேரம் உழைக்கும் ஒருவன் வரி கட்டலாம், வாடகை கட்டலாம். 29,000 என்ற எல்லையை எட்டாததால் மனைவியோடு வாழ மட்டும் முடியாது. ஆகவே இரண்டாவது வேலை எடுக்கிறான். இரவில் ஒன்று, பகலில் ஒன்று. மனைவியை அழைக்கச் சம்பாதிப்பதற்காகவே அவளோடு பேசும் நேரம் குறைகிறது. பேசிய நேரத்தின் பட்டியலையும் அதே அதிகாரி கேட்கிறார்.

வருமான எல்லையை எதிர்த்த வழக்கில் 2017 பெப்ரவரியில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் எல்லையை அடியோடு நீக்க மறுத்தது. ஆனால் பிள்ளைகளின் நலனைக் கவனிக்கும் விதத்தில் விதிகள் குறைபாடுடையவை என்று சொன்னது. அதன்பின் விதிவிலக்கான சூழலில் வேறு வருமான மூலங்களையும் பார்க்கும் ஏற்பாடு வந்தது. பிள்ளை இருக்கும் குடும்பங்கள் நிராகரிப்புக் கடிதம் கண்டதும் சோர்ந்துவிடாமல், தகுதியுள்ள சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. காசு கொடுத்தால் ‘கரன்டி’யாக வீசா வாங்கித் தருவேன் என்று தோட்டத்துக்கே வரும் தரகரிடம் அல்ல. பொய்யான வங்கிப் பத்திரம் ஒன்று ஃபைலில் நுழைந்துவிட்டால் பத்து ஆண்டு வரை தடை விழலாம். தரகர் அந்த நேரம் வேறு தோட்டத்தில் இருப்பார்.

கூட்டிப்போக முடியாத வீசா

இந்த மலையிலிருந்து வெளிநாடு போகும் பெண்களில் பெரும்பாலானவர்கள் லண்டனுக்கோ டொரொன்டோவுக்கோ போவதில்லை. சவூதிக்கும் குவைத்துக்கும் துபாய்க்கும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறார்கள். அவர்களுக்கும் கணவன் உண்டு, பிள்ளை உண்டு. ஆனால் துணையை அழைக்கும் வீசாவை அவர்கள் கனவிலும் கேட்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைக்க மாதம் 4,000 திர்ஹம், அல்லது தங்குமிடத்தோடு 3,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். பணிப்பெண்ணின் சம்பளம் அதற்கு வெகு கீழே. அவள் தூங்குவதே எஜமானரின் வீட்டில்.

நம் நாட்டின் சட்டம் இங்கே வேறொரு பக்கத்திலிருந்து நுழைகிறது. பணிப்பெண்ணாகப் போன மூதூர்ப் பெண் ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டதை நாம் மறக்கவில்லை. அந்த ஆண்டு முதல், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் அனுமதி இல்லை. 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையைப் பார்ப்பது யார் என்று மனைவியிடம் அரசு கேட்டது. கத்தாருக்குப் போகும் கணவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பிள்ளையின் நலன்தான் அக்கறை என்றால் அந்த அறிக்கை இருவருக்கும் வேண்டும். இதில் எனக்குத் தயக்கமில்லை.

சட்டப்படி போகத் தகுதியில்லாத தாய் சுற்றுலா வீசாவில் போகிறாள். அப்படிப் போனவளின் பெயர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவில் இருக்காது, காப்புறுதியும் இருக்காது. இரண்டு வருட ஒப்பந்தம் நான்காகி ஆறாகும். பாட்டியிடம் வளரும் பிள்ளை போனில் தெரியும் முகத்தை ‘அம்மா’ என்று பழகும். இங்கே கணவன் குடித்து அழித்தான் என்று ஊர் பேசும். அங்கே அவள் மாறிவிட்டாள் என்றும் பேசும். குடும்பம் சேர்ந்து வாழ வழியே இல்லாத வேலையைத் தேசிய வருமானமாகக் கொண்டாடும் நாட்டில் இந்த ஊர்ப்பேச்சு மட்டும் அந்தத் தம்பதிக்கு எஞ்சுகிறது.

போய்ச் சேர்ந்த பிறகு

வீசா கிடைத்துப் போனவளுக்கும் ஓர் ஆபத்து இருக்கிறது. இதைப் பெண் வீட்டார் கேட்க விரும்புவதில்லை. துணைவர் வீசாவில் போகும் பெண்ணின் இருப்பு கணவனோடு கட்டப்பட்டிருக்கிறது. ‘உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்’ என்ற ஒரு வாக்கியம் போதும், பாஷை தெரியாத ஊரில் அவள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள. அடித்தாலும் சொல்லமாட்டாள். சொன்னால் வீசா போகும், ஊரில் தங்கையின் கல்யாணமும் கெடும் என்று நினைப்பாள்.

அந்த மிரட்டல் பல நாடுகளில் சட்டப்படி உண்மையல்ல. பிரித்தானியாவில் துணைவர் வீசாவில் இருப்பவர், குடும்ப வன்முறையால் உறவு முறிந்ததை நிரூபித்தால், ஐந்து ஆண்டு நிறைவுக்குக் காத்திராமல் நிரந்தர வதிவிடம் கேட்கலாம். கணவன் இறந்துவிட்டாலும் தனி ஏற்பாடு உண்டு. அவுஸ்திரேலியாவிலும் வன்முறைக்கு ஆளானவர், உறவு முடிந்த பின்னும் நிரந்தர வீசாவுக்குத் தகுதி பெற வழியிருக்கிறது. கனடாவில் புதிதாக வந்த துணைவர் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனை 2012இல் வந்தது. வன்முறையில் பெண்களைச் சிக்கவைக்கிறது என்ற எதிர்ப்புக்குப் பின் 2017 ஏப்ரலில் எடுக்கப்பட்டது. அங்கே துணைவராகப் போகிறவர் நிரந்தர வதிவாளராகவே இறங்குகிறார். மகளின் பெட்டியில் சேலையும் மிளகாய்த்தூளும் வைக்கும் தாய், இந்தச் செய்தியையும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். கடவுச்சீட்டு அவள் கையில்தான் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

பெரகலையில் நடக்க வேண்டியது

லண்டனின் வருமான எல்லையைப் பதுளை மாவட்டம் மாற்ற முடியாது. பெயரைத் திருத்த முடியும். அந்த வேலையைக் கடவுச்சீட்டு அவசரத்தில் தொடங்கக் கூடாது. விவாகப் பதிவுக்கு முன்பே செய்துவிட வேண்டும். மணமக்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கடவுச்சீட்டு ஆகியவற்றை ஒரே மேசையில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விவாக அறிவித்தல் கொடுக்கட்டும். விவாகப் பதிவில் விழும் ஓர் எழுத்துப் பிழை, பின்னால் எல்லாக் கடதாசியிலும் பரவும். பெற்றோரின் கல்யாணம் பதியப்படாமல் இருந்தால் அதையும் இப்போதே பதிந்துகொள்வது பிள்ளைக்குச் செய்யும் உதவி. சிக்கலான திருத்தங்களுக்குப் பணம் இல்லாதவர்கள் பதுளையில் இயங்கும் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தை நாடலாம்.

நடமாடும் சேவைகள் தோட்டங்களுக்கு வரத்தான் செய்கின்றன. ஆனால் வேலை நாளில், ஒரு பொழுதில், ஏதோ ஒரு பாடசாலை மண்டபத்தில் வந்து போனால் பயன் குறைவு. கொழுந்து குறைந்த மாதங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், பதிவாளரும் ஆட்பதிவுத் திணைக்கள அலுவலரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து வர வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் கேட்கலாம். மலையகத்தின் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இது பெரிய நிதி ஒதுக்கீடு தேவைப்படும் காரியமல்ல.

மொழி விஷயத்தில் புதிதாக எந்தச் சட்டமும் கேட்க வேண்டியதில்லை. ஹல்துமுல்லை, அப்புத்தளை, பண்டாரவளை உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகளைச் சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளாக உள்ள பிரிவுகளாக 1999இலேயே ஜனாதிபதி பிரகடனம் செய்துவிட்டார். ஆகவே இந்தப் பிரிவுகளின் கருமபீடத்தில் தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டி, ‘இதுதான் சரியான பெயர், இப்படியே பதியுங்கள்’ என்று கேட்கும் பெண்ணை, ‘தமிழ் தெரிந்தவர் இன்றைக்கு இல்லை, அடுத்த கிழமை வாங்க’ என்று திருப்பி அனுப்ப எந்த அலுவலருக்கும் உரிமை இல்லை.